படகு கட்டப் பழகும் பிள்ளைகள்



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேச வந்தது படகு கட்டுவதைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் எங்கள் வைத்தியசாலைக்கு ஒரு பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டோம். "பைபர் படகு கட்டப் பழகுறன், டொக்டர்" என்றாள். றெசினை இறுக வைக்கும் திரவம் கண்ணில் தெறித்திருந்தது. பயிற்றுநர் கால் மணித்தியாலம் குழாய்த் தண்ணீரில் கண்ணைக் கழுவ வைத்த பிறகே அனுப்பியிருந்தார். அந்தத் தண்ணீர்தான் அவளது பார்வையைக் காப்பாற்றியது. போகும்போது சொன்னாள்: "நானும் உங்கட பள்ளிக்கூடம்தான் டொக்டர். ஓ.எல்.இல கணக்குப் பெயில். அதால சங்கத்துக்கு வாறேல்ல."

அவளது கண்ணுக்கு மருந்து போட்டோம். அந்தச் சொல்லுக்கு மருந்து எங்களிடம் இருக்கவில்லை.

சிறுவயதில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாசல்கள்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றில் நுழையாத வகுப்புத் தோழிகள் எங்கே போனார்கள் என்று நாங்கள் தேடவில்லை.

இந்தத் தொழில் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. நோர்வே நாட்டு உதவியோடு உருவான காரைநகர் சீநோர் தளத்தில் 1970களிலேயே கண்ணாடியிழைப் படகுகள் கட்டினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரப் படகுகளை அள்ளிச் சென்ற பின், முன்பின் பழகாதவர்களும் படகு கட்டத் தொடங்கினார்கள். அவசரத்தில் கட்டிய படகுகள் பல தரமற்றவையாக இருந்தன. முறையான பயிற்சி ஏன் வேண்டும் என்பதை அந்தக் காலமே காட்டிவிட்டது.

அச்சுக்கு மெழுகு பூசி, மேற்பூச்சு அடித்து, கண்ணாடியிழைப் பாயை விரித்து, றெசினை ஊற வைத்து, காற்றுக்குமிழ் தங்காமல் உருளையால் உருட்ட வேண்டும். குமிழ் உள்ளே தங்கினாலும் வெளியே படகு பளபளக்கும். பலவீனம் நடுக்கடலில்தான் தெரியவரும். இறுக்கும் திரவம் பொதுவாக றெசினில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்குதான். கூடினால் சூடேறி வெடிப்பு விழும். குறைந்தால் ஒழுங்காக இறுகாது. வெயில் ஏறினால் அதற்கேற்ப அளவை மாற்ற வேண்டும். கணக்கில் பெயிலான அந்தப் பிள்ளை தினமும் செய்வது கணக்குத்தான். அவளது கணக்குப் பிழைத்தால் ஆபத்து கடலுக்குப் போகிறவனுக்கு.

அதேபோல் அவளது உடம்பையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும். றெசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவி தலையிடியும் மயக்கமும் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் அதனைப் புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் அதிகமுள்ள பொருள் என வகைப்படுத்தியது. அந்த ஆவி காற்றை விடப் பாரமானது. படகின் உட்புறத்தில் குனிந்து வேலை செய்பவரைச் சுற்றித் தேங்கி நிற்கும். கொரோனாக் காலத்து முகக்கவசம் அதனைத் தடுக்காது; கரி வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும். உராய்ஞ்சும்போது பறக்கும் தூசிக்குக் கண்ணாடியும் நீண்ட கைச்சட்டையும் தேவை. கையில் ஒட்டிய றெசினை அசிற்றோனால் கழுவினால் தோல் வரண்டு வெடிக்கும். இறுக்கும் திரவத்தையும் கோபால்ற் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். கர்ப்பமாக இருக்கும் பெண் பயிற்றுநருக்கும் வைத்தியருக்கும் உடனே சொல்ல வேண்டும். இவற்றைச் சொல்வது பிள்ளைகளைப் பயமுறுத்தி வீட்டில் இருத்துவதற்காக அல்ல. நீண்ட காலம் சுகமாக வேலை செய்யட்டும் என்பதற்காகவே.

பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறோம். எங்கள் நாட்டின் தேசிய தொழிற்தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. முதல் 4 சான்றிதழ்கள், 5உம் 6உம் டிப்ளோமா, 7ஆவது பட்டத்துக்குச் சமன். ஓ.எல். பெறுபேற்றோடு எல்லா வாசலும் அடைபடுவதில்லை.

சங்கத்திடம் நாங்கள் கேட்பது மூன்று. தொழிற்பயிற்சிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கவசமும் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்போம். பாடசாலையின் தொழில் வழிகாட்டல் நாளில் வைத்தியருக்குப் பக்கத்தில் படகு கட்டும் பெண்ணுக்கும் ஒரு கதிரை போடுவோம். அங்கத்துவப் படிவத்தில் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்காமல், படித்த ஆண்டை மட்டும் கேட்போம்.

அந்தப் பிள்ளை மறுபடியும் கண் காட்ட வந்தபோது படிவத்தைக் கையில் கொடுத்தோம். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். செய்கிற தொழிலை எழுது என்றோம். "படகு கட்டுநர்" என்று எழுதினாள்.