மாட்டுக்காரனுக்கு மறைத்த விலை



டில்லியில் போடுகிற வர்த்தக ஒப்பந்தத்துக்கும் நாமக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். கோழிக்கால் சம்பந்தம்!

பறவைக் காய்ச்சலைச் சொல்லி அமெரிக்கக் கோழிக்கு நாம் தடை போட்டோம். 2012-இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2015 ஜூனில் மேல்முறையீட்டிலும் நாம் தோற்றோம். மறு ஆண்டே, வருடத்துக்கு 45 கோடி டாலர் அளவுக்கு நம் சரக்கின் மேல் பதிலடி கொடுக்க அனுமதி கேட்டு நின்றார்கள். 2023 செப்டம்பரில், ஜி20 மாநாட்டுக்கு அன்றைய அமெரிக்க அதிபர் பைடன் டில்லி வந்தபோது வழக்கு சமரசமானது. உறைந்த வான்கோழிக்கும் வாத்துக்கும் இறக்குமதி வரி இறங்கியது. கோழிக்காலுக்கு இருக்கும் 100 சதவீத வரி தப்பித்தது. சந்தோஷம். ஆனால் அதைக் காப்பாற்ற எதைக் கொடுத்தார்கள்? அடுத்த முறையும் தப்பிக்குமா? இந்தச் சமரசத்துக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்ததா? நடக்கவில்லை. நடக்க வேண்டிய கட்டாயமும் நம் சட்டத்தில் இல்லை. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மத்தியப் பட்டியலில் வரிசை எண் 14, வெளிநாட்டு ஒப்பந்தம். மாநிலப் பட்டியலில் வரிசை எண் 14, விவசாயம். அந்தப் பதினாலு கையெழுத்துப் போட்டால் இந்தப் பதினாலு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்! வரியைக் குறைக்கப் புதுச் சட்டம்கூட வேண்டாம். 1962-ஆம் வருடத்துச் சுங்கச் சட்டம், 25-ஆவது பிரிவு. நிதி அமைச்சகம் ஓர் அறிவிக்கை போட்டால் தீர்ந்தது. அந்தக் காகிதம் நாடாளுமன்ற மேசைக்கு அப்புறம் வரும். அதற்குள் சரக்குக் கப்பல் கிளம்பியிருக்கும்.

‘பேரம் பேசும்போது கையைத் திறந்து காட்ட முடியுமா?’ என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஒதுக்கிவிட முடியாது. நம் புதன்சந்தை மாட்டுச் சந்தையில் என்ன நடக்கிறது? துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் தரகர் விலை பேசுகிறார். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ஆனால் மாட்டுக்காரனுக்குத் தெரியாமல் கயிறு கை மாறுமா? இங்கே துண்டைப் போட்டு மூடியிருப்பது மாட்டுக்காரனுக்கே அல்லவா!

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் நம்மிடம் வைத்த வரைவுகளைத் தன் மக்கள் படிக்க வெளியிட்டது. நம்மிடம் என்ன குறை, எந்த வரி உறுத்துகிறது என்று அமெரிக்கா வருடா வருடம் அறிக்கை போடுகிறது. 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு கையெழுத்துப் போட்டோமே, அந்த நாட்டில் 2010-ஆம் வருடத்துச் சட்டப்படி ஒப்பந்தம் 21 அமர்வு நாள் நாடாளுமன்றத்தின் முன் கிடக்க வேண்டும். அவர்கள் எம்.பி.க்கு இருக்கிற உரிமை நம் எம்.பி.க்கு இல்லை. அமீரக ஒப்பந்தத்தை 88 நாளில் முடித்தோம் என்று மார்தட்டினார்கள். நம் முட்டை வளைகுடாவுக்குப் போகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. 88 நாளில் ஒரு நாளை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

ஆசிய-பசிபிக் நாடுகளோடு ஆர்செப் என்ற வர்த்தக ஒப்பந்தத்தை ஏழு வருடம் பேசினார்கள். வரைவை அரசு கடைசிவரை வெளியிடவில்லை. நாடு முழுக்கப் பால்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 2019 நவம்பர் 4-இல் இந்தியா விலகியது. மக்கள் சத்தம் போட்டால் பேரம் கெட்டுவிடும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. இந்தப் பந்தலிலேயே இரண்டு தரப்பு உட்கார்ந்திருக்கிறது. மக்காச்சோளம் மலிவாக வந்தால் தீவனச் செலவு குறையும் என்று கோழிப்பண்ணைக்காரர் நினைக்கிறார். ஆத்தூர், தலைவாசல் பக்கம் சோளம் போடுகிறவருக்கு அது தலையில் விழும் இடி. இன்று மக்காச்சோள இறக்குமதிக்கு 5 லட்சம் டன் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம் வரி. இந்த வேலியைத்தான் அமெரிக்கா அசைக்கிறது. 140 கோடிப் பேர் ஒரு மூட்டை சோளம் வாங்கமாட்டார்களா என்று அவர்களுடைய வர்த்தக அமைச்சரே பகிரங்கமாகக் கேட்டார். குச்சிக்கிழங்குக்காரரும் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் கிழங்கைப் போலவே மக்காச்சோளத்திலும் ஸ்டார்ச் எடுக்கிறார்கள். நமக்குள் இருக்கும் இந்த வழக்கை யார் தீர்ப்பது? பெயர் தெரியாத ஓர் இணைச் செயலாளரா? சண்டை போட்டாலும் நம் ஆட்கள் சபையில் போடட்டும்!

ஒப்பந்தம் போடும் அதிகாரத்தை நாடாளுமன்றம் சட்டம் போட்டு முறைப்படுத்த வேண்டும் என்று நீதிபதி வெங்கடாசலையா ஆணையம் 2002-லேயே சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் பெரிய கட்சிகள் மாறி மாறி ஆண்டாயிற்று. ஆண்டவர் ஒருவரும் அதைச் சட்டமாக்கவில்லை, ஆளும்போது அந்தத் துண்டு யாருக்கும் வசதிதான்.

ஆகவே சேலம், நாமக்கல் எம்.பி.க்களிடம் மூன்று கேட்கிறோம். பேச்சு தொடங்குமுன் எந்தெந்தப் பொருள் மேசைக்குப் போகிறது என்ற பட்டியல் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். விவசாயப் பொருள் என்றால் மாநில அரசின் கருத்து எழுத்தில் வாங்கப்பட வேண்டும். சபை ஓட்டுப் போடாமல் சுங்க அறிவிக்கை வரக்கூடாது. இதற்குத் தனிநபர் மசோதா கொண்டு வருவீர்களா, மாட்டீர்களா? பதில் எழுத்தில் வேண்டும். எங்கள் ஆட்கள் மனுவோடு நாளைக் காலையிலேயே உங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.