ஸ்பானிய மொழியில் இறந்தகாலம்



தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஸ்பெயினின் அயல்நாடாகிய போர்த்துக்கலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த ஹென்றீக் ஹென்றீக்கஸ் அடிகளார், நம் தமிழ் வினைகளைக் கற்று, போர்த்துக்கேய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். போர்த்துக்கேயர் தந்த சப்பாத்து, மேசை என்னும் சொற்கள் இன்றும் நம் லயங்களில் வழங்குகின்றன. ஸ்பானியரும் அவற்றைச் 'சபாத்தோ', 'மேசா' என்கின்றனர். அவ்வினத்து மொழியில் வினையொன்றை நாமும் கற்றுப் பார்ப்போமே!

நமக்குப் பழகிய உழைப்பையே எடுத்துக்கொள்வோம். உழைத்தலுக்கு அவர்கள் சொல் 'த்ரபஹார்'. ஈற்றிலுள்ள 'ஆர்' என்பதை நீக்கினால் 'த்ரபஹ்' என்னும் பகுதி எஞ்சும். அதனோடு விகுதிகளைச் சேர்க்க வேண்டும்.

உழைத்தேன் – த்ரபஹே
உழைத்தாய் – த்ரபஹாஸ்தெ
உழைத்தான், உழைத்தாள் – த்ரபஹோ
உழைத்தோம் – த்ரபஹாமோஸ்
உழைத்தீர்கள் – த்ரபஹாஸ்தெய்ஸ்
உழைத்தார்கள் – த்ரபஹாரோன்

'ஆர்' என முடியும் ஒழுங்கான வினைகள் யாவும் இவ்வழியே செல்லும். பேசுதல் 'அப்லார்', பேசினேன் 'அப்லே', பேசினார்கள் 'அப்லாரோன்'.

தமிழில் 'உழைத்தேன்' என்பதில் இடைநிலை காலத்தையும், விகுதி இடத்தையும் காட்டும். ஸ்பானியத்திலோ ஒரே விகுதி இரண்டையும் காட்டிவிடும். ஆகையால் நம்மைப் போலவே அவர்களும் 'நான்', 'நாம்' என்பவற்றை விட்டுவிட்டே பேசுவர். ஆனால் ஓசையில் கவனம் வேண்டும். நடுவில் அழுத்தி 'த்ரபாஹோ' என்றால் 'உழைக்கிறேன்'. ஈற்றில் அழுத்தினால் 'உழைத்தான்'.

பயன்படுத்தும்போது வேறொரு நுட்பமும் உண்டு. முடிந்துபோன செயலுக்கே மேற்சொன்ன வடிவங்கள் பொருந்தும். 'நேற்று உழைத்தேன்' என்பது 'அயேர் த்ரபஹே'. பாட்டி நாள்தோறும் மலைக்குப் போய் உழைத்துவந்தாள் என்றால், அந்த வழக்கத்தைச் சொல்ல 'த்ரபஹாபா' என்னும் வேறு வடிவம் வரும்.

இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது 'த்ரபஹாமோஸ்'. உழைத்தோம் என்பதற்கும் உழைக்கிறோம் என்பதற்கும் அது ஒன்றே. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிராகத் தொடங்கிய நாள் முதலாக நம்மவர் வரலாறும் அச்சொல்லைப் போன்றதன்றோ?

அன்பர்களே, இறந்தகால வினை வெறும் இலக்கணமன்று. தந்தை இலங்கையில் பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ காட்டும்படி 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் கேட்டது. 'பிறந்தார்' என்ற ஒரு வினைமுற்றுக்குச் சான்றில்லாமல் நம்மவர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது.

எனவே வாலிபர்கள் எந்த மொழியையும் அஞ்சாது கற்க வேண்டும். அதற்கு முன், வீட்டிலுள்ள முதியோரிடம் யார் வந்தார், எங்கே பிறந்தார், எந்தத் தோட்டத்தில் உழைத்தார் என்று கேட்டு, பெயரும் ஆண்டும் இட்டு எழுதிவைக்க வேண்டும். பெரியோர்களும் பொறுமையோடு சொல்லி உதவ வேண்டுகிறேன்.