மிளகு சைஸ் பிளாட்டினம்: வெட்டலாமா, வேண்டாமா?

"உங்க கலெக்ஷன்லயே விலை அதிகமானது எது?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மிளகு சைஸ்ல இருக்கும். 1.2 கிராம் எடையுள்ள ஒரு பிளாட்டினக் கனசதுரம், மேலே மெல்லிய தங்கப் படலம். அந்தத் தங்கமும் இயற்கையாவே படிஞ்சது.

இதோட ஊர் ரஷ்யாவின் கபரோவ்ஸ்க் பகுதியில் இருக்கும் கோண்டர். சேட்டிலைட் மேப்பில் பாருங்க, காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி ஒரு மலை வளையம், சுமார் 8 கி.மீ. அகலம். எரிமலை வாயும் இல்லை, விண்கல் பள்ளமும் இல்லை. பூமிக்கடியில் உறைந்த பாறைக்குழம்பு, மேலே இருந்தது அரிச்சுப் போனதால் வெளியே தெரியுது. அங்கிருந்து வரும் ஓடை மணலில்தான் இந்தப் படிகங்கள் கிடைக்குது.

வாங்கினதும் முதல் பயம், போலியோ? தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை போட்டேன். 0.07 கிராம் குறைஞ்சது. அப்படின்னா அடர்த்தி 17 பக்கம். ஈயமா இருந்தா 0.1 கிராமுக்கு மேல குறைஞ்சிருக்கும். என் தராசு ரொம்பத் துல்லியம் இல்லை, இருந்தாலும் அன்னைக்கு நிம்மதியாத் தூங்கினேன்.

அடுத்த சிக்கல்தான் பெருசு. லேபிளில் 'ஐசோஃபெரோபிளாட்டினம்'னு இருக்கு. அதாவது மூணு பிளாட்டினம் அணுவுக்கு ஒரு இரும்பு அணு, ஒழுங்கான வரிசையில். அதே கலவை, ஆனா அணுக்கள் தாறுமாறா இருந்தா அது வேற கனிமம். கண்ணால் பிரிக்கவே முடியாது. மேற்பரப்பை அளந்தா தங்கம் குறுக்கே வரும். உள்ளே பார்க்கணும்னா வெட்டிப் பாலிஷ் போடணும், அதுக்கு மேல எக்ஸ்ரே சோதனையும் வேணும். வெட்டிட்டா பெயர் தெரியும், படிகம் போயிடும்.

ரெண்டு மாசம் யோசிச்சேன். கடைசியில் அதே ஓடையோட சின்னச் சின்ன மணல் துகள்கள் கொஞ்சம் வாங்கி, ரெசினில் பதிச்சு, பாலிஷ் போட்டு, தெரிஞ்ச ஒருத்தரோட கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வெளிர் கிரீம் நிற உலோகத்துக்குள்ள நீலச் சாம்பல் ஊசிகள்! ஆஸ்மியமா இருக்கலாம்னு அவர் சொன்னார். பிளாட்டினம் ஆறும்போது உள்ளேயிருந்து அது தனியாப் பிரியுறது தெரிஞ்ச விஷயம்தானாம். அந்த ஊசிகளைப் பார்த்துட்டு அரை மணி நேரம் நான் சீட்டை விட்டு எழுந்திருக்கலை.

என் கனசதுரத்தை வெட்டலை. பழைய லேபிளை எடுத்துட்டு, "பிளாட்டினம்–இரும்பு உலோகக் கலவை, கோண்டர்"னு மட்டும் எழுதி வெச்சிருக்கேன்.