காயம்பட்ட உள்ளமும் கதை தரும் மருந்தும்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடந்த வாசிப்பு மாலையில் நிகழ்த்திய உரை)

 

விழா மலருக்கென்று நாம் பல கணக்குகளைப் பார்த்துவிட்டோம். எத்தனை ஞானஸ்நானம், எத்தனை திருமணம், கோபுரத்திற்கு எவ்வளவு, மணிக்கு எவ்வளவு என்றெல்லாம் எழுதியாயிற்று. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கணக்கு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் நம்மோடு பூசைக்கு வந்து, பிறகு மனம் நொந்து நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்? பெற்ற மகளோடு பேச்சை நிறுத்திவிட்ட வீடுகள் எத்தனை? அந்தக் கணக்கைப் பற்றிப் பேசுவதற்காகவே இன்று சில கதைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

கோயிலில் கதைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கால் முறிந்தால் எங்கே போகவேண்டும் என்று வடபழனியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். மனம் முறிந்தவரை எங்கே அழைத்துப் போவது? மருத்துவர்கள் உண்டு, அவர்களிடம் போகவும் வேண்டும். ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முன்னால் காயப்பட்டவர் முதலில் வந்து நிற்கிற இடம் வீட்டு வாசல். அந்த வாசலில் நாம் சொல்லும் முதல் சொல் என்ன என்பதைத்தான் நல்ல கதைகள் நம்மிடம் கேட்கின்றன.

ஜெயகாந்தனை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுச் சென்னைக்கு வந்து, நமக்கு அடுத்த கே.கே. நகரில் வாழ்ந்தவர். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றவர். 2015 ஏப்ரலில் மறைந்தார். அவர் 1966-ல் ஆனந்த விகடனில் எழுதிய சிறுகதை ‘அக்கினிப் பிரவேசம்’.

மழை கொட்டும் ஒரு மாலை. பெண்கள் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்காக நிற்கிறாள் ஓர் ஏழை மாணவி. பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. வீட்டில் விடுகிறேன் என்கிறான் காரில் இருப்பவன். மறுக்கத் தெரியாமல் ஏறிவிடுகிறாள். கார் வேறு எங்கோ போகிறது. சிதைந்து போனவளாக வீடு திரும்புகிறாள். வீட்டில் இருப்பவள் விதவைத் தாய். நடந்ததை மகள் அழுதுகொண்டே சொல்கிறாள்.

அந்தத் தாய் தெய்வமாக உடனே மாறிவிடவில்லை. முதலில் அலறுகிறாள், மகளை அடிக்கவும் செய்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் என்னவென்று விசாரிக்கிறார்கள். அந்த ஒரு கணத்தில்தான் அவள் விழித்துக்கொள்கிறாள். பெண் மழையில் நனைந்து வந்துவிட்டாள், அதற்காகத்தான் கோபித்தேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். பிறகு மகளைக் குளிக்கும் இடத்திற்கு அழைத்துப் போய், தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். உன்மேல் இருந்த கறை போய்விட்டது, நீ சுத்தமானவள் என்று சொல்கிறாள். தலையைத் துவட்டி விடுகிறாள். கதை அவ்வளவுதான். போதனை இல்லை, புலம்பல் இல்லை. ஒரு குடம் தண்ணீரும் ஒரு தாயின் வாக்குமே மருந்து.

இந்தக் கதைக்குக் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? பெரும் எதிர்ப்பு! வாசகர்கள் கோபத்தோடு கடிதம் எழுதினார்கள். எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்டார்கள். கெடுத்தவன்மேல் வராத கோபம், மன்னித்தவள்மேல் வந்தது. இதை நாம் சற்று யோசிக்கவேண்டும்.

ஜெயகாந்தன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் தொடராக வந்த அந்த நாவல்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஏ. பீம்சிங் இயக்கி 1977-ல் அது திரைப்படமாகவும் வந்தது. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தது.

நாவலில் அதே மழை, அதே கார், அதே பெண். தாய் மட்டும் வேறு. அவள் ஊர் கேட்க ஓலமிட்டுவிடுகிறாள். அண்ணன் அடித்துத் துரத்துகிறான். கங்காவை ஒரு மாமா ஆதரிக்கிறார், படிக்க வைக்கிறார், ஆனால் அவர் பார்வையும் நல்ல பார்வையாக இல்லை. கங்கா பெரிய உத்தியோகத்திற்கு வருகிறாள். கை நிறையச் சம்பளம். ஆயினும் அந்த மாலையிலிருந்து அவள் வெளியே வரவேயில்லை. ஆண்டுகள் கழித்து, ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற அந்தக் கதையையே அவள் பத்திரிகையில் படிக்கிறாள். தன்னைப்போல ஒருத்திக்கு அப்படி ஒரு தாய் கிடைத்திருக்கிறாளே என்று எண்ணுகிறாள்.

அன்பர்களே, இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குற்றம் செய்தவன் இரண்டிலும் ஒருவன்தான். அவன் செய்த கேடும் ஒன்றுதான். ஒருத்தி அடுத்த நாள் காலையில் எழுந்து நடக்கிறாள். இன்னொருத்தி பல ஆண்டுகள் எழுந்திருக்கவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில நிமிஷங்கள். ஒரு வீட்டார் நடந்துகொண்ட விதம். அந்நியன் செய்த காயத்தைவிடச் சொந்தக்காரர் செய்த காயம் ஆழமாக இறங்குகிறது. ஆகவே அதை ஆற்றும் சக்தியும் சொந்தக்காரரிடம்தான் அதிகம் இருக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். தாய் விஷயத்தை மறைத்தாளே, அது சரியா? நியாயமான கேள்வி. அவள் ஊர் வாயிலிருந்து மகளைக் காப்பாற்றினாள். மகளின் வாயை அடைக்கவில்லை. மகள் முழுவதையும் சொன்னாள், தாய் கேட்டாள். இன்று நமக்கு வேறு வழிகளும் உண்டு. 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு இப்படிப்பட்ட கேடு நேர்ந்ததை அறிந்தவர்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்று தொலைபேசி எண்கள் இருக்கின்றன. குடும்ப மானம் என்று சொல்லிக் குற்றவாளியை மறைப்பதற்கு அந்தத் தாயைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. சட்டம் குற்றவாளியைப் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றுகிற வேலையைச் சட்டம் செய்யாது, அது நம்முடையது.

ஒரு முறை அணைத்துக்கொண்டால் போதுமா? போதாது என்கிறார் புதுமைப்பித்தன். 1943-ல் அவர் எழுதிய ‘சாபவிமோசனம்’ அகலிகையின் கதை. இராமனின் பாதத்தூளி பட்டுக் கல் பெண்ணாகிறது. கௌதமரும் அவளை ஏற்றுக்கொள்கிறார். ஆனாலும் அவர்கள் வாழ்க்கை பழையபடி திரும்பவில்லை. யார் என்ன பேசினாலும் அதில் தனக்கு ஒரு குத்தல் இருக்குமோ என்று அகலிகை நடுங்குகிறாள். கணவரோ ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசவேண்டியிருக்கிறது. பின்னொரு நாள், தன்னை மீட்ட அதே இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று அவள் கேள்விப்படுகிறாள். உள்ளம் உடைகிறது. மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

இது எவ்வளவு பெரிய எச்சரிக்கை! மன்னித்துவிட்டோம் என்று சொன்ன பிறகு, நாம் மற்றவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்பதை மன்னிக்கப்பட்டவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார். வீட்டுக்குத் திரும்பி வந்த மகளை அன்பாக நடத்திவிட்டு, எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி அவள் காதுபட ஏளனம் பேசினால், அவள் உள்ளே கல்லாகிறாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது.

இனி மனத்தைத் தேற்றுகிற கதை ஒன்று. ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’. கௌரிப் பாட்டி இளவயதிலேயே விதவையானவள். அவளுடைய பேத்தி கீதாவும் அப்படியே கணவனை இழந்தவள். நெய்வேலியில் ஆசிரியை வேலை பார்க்கிறாள். ஒரு நாள் கீதா, தான் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகக் கடிதம் எழுதுகிறாள். அவளுடைய தகப்பனார் மகள் செத்துப்போனாள் என்று தலைமுழுகச் சொல்கிறார். பாட்டி என்ன செய்கிறாள்? பேத்தியின் மனத்தில் தன் இளமையைப் பார்க்கிறாள். தான் பட்டது அவளும் படவேண்டாம் என்று முடிவு செய்கிறாள். மகனோடு சண்டையும் போடவில்லை. தன் மூட்டையை எடுத்துக்கொண்டு கீதாவிடமே போய்விடுகிறாள். சாஸ்திரங்களை எல்லோரையும்விட அதிகமாகக் கடைப்பிடித்தவள் அவள்தான். அப்படிப்பட்டவள் போனதால்தான் அந்தப் பயணத்திற்கு மதிப்பு. நம் பங்கிலும் பக்தியில் மூத்த பாட்டிமார்கள் பலர் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் பத்து வாய்கள் அடங்கும், அம்மா!

சொந்தக்காரர் யாரும் இல்லாதவருக்கு என்ன வழி? தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ அதற்கு விடை சொல்கிறது. வீட்டு வேலைக்காகக் கல்கத்தா வரையில் அனுப்பப்படும் ஓர் ஏழைச் சிறுமியை ரயிலில் ஒரு சிறுவன் பார்க்கிறான். ஆசையாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான். அவள் கதி அதனால் மாறிவிடாது. ஆனால் தன்னையும் ஒருவன் பார்த்தான் என்ற நினைவு அவளோடு போகிறது.

இந்த வாரிசையில் நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் ஊதாரி மைந்தன் உவமையையும் சேர்த்துப் பாருங்கள். மகன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்புப் பேச்சை முடிக்கும்வரை தகப்பன் காத்திருக்கவில்லை; தொலைவில் கண்டதுமே ஓடினார். அந்த உவமையில் மூத்த மகன் விருந்துக்கு உள்ளே வந்தானா என்பது சொல்லப்படவே இல்லை. நாம் ஒழுங்காகப் பூசைக்கு வருகிறவர்கள். ஆகவே அந்த மூத்த மகனின் இடத்தில்தான் பெரும்பாலும் நிற்கிறோம். அந்த முடிவை எழுதவேண்டியவர்கள் நாம்தான்.

கதைகள் கற்றுத் தந்ததைச் சுருக்கிச் சொல்கிறோம். காயப்பட்டவர் வாசலில் நிற்கும்போது குரலைத் தாழ்த்துவோம். ஏன் போனாய், எதற்காகப் போனாய் என்ற விசாரணையைத் தள்ளி வைப்போம். முதலில் குளிக்கவும் சாப்பிடவும் தூங்கவும் வழி செய்வோம். அவர் சொல்லும்போது முழுவதும் கேட்போம். மருத்துவரோ சட்டமோ தேவையானால் கூடவே போவோம். ஒரு முறை மன்னித்ததை வாழ்நாள் முழுவதும் சொல்லிக் காட்டாதிருப்போம்.

நம் ஆற்காட்டுச் சாலையில் ஏ.வி.எம்., வாகினி என்ற பெரிய ஸ்டுடியோக்கள் இயங்கின. வாகினி இருந்த இடத்தில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. பிரிந்த குடும்பம் கடைசி ரீலில் ஒன்று சேருகிற காட்சிகள் எத்தனையோ நம் வீடுகளுக்கு அருகிலேயே படமாக்கப்பட்டன. படத்தில் அதற்கு ஓர் இயக்குநர் இருந்தார். நம் வீட்டில் அப்படி யாரும் வந்து சொல்லமாட்டார்கள். நாமேதான் எழுந்து போகவேண்டும்.

இந்த ஜூபிலி ஆண்டு முடிவதற்குள், ஒவ்வொரு குடும்பமும் பேச்சு நின்றுபோன ஒரே ஒரு வீட்டுக் கதவைத் தட்டட்டும். புத்தி சொல்லப் போகவேண்டாம். ஒரு காப்பி குடித்துவிட்டு, நலம் விசாரித்துவிட்டு வந்தால் போதும். கதவு திறக்கவில்லை என்றால் அடுத்த மாதம் மறுபடியும் போகலாம். அப்படித் திரும்பி வரும் ஒருவருக்காக நம் கோயிலின் கடைசிப் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விடுவோமானால், இந்த விழாவின் மிகச் சிறந்த அலங்காரம் அதுவாகவே இருக்கும்.