கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை)



கடைசி நிறுவை முடிந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட அடுத்த மாதம் நம் பாடசாலைக்கு வருகிறார்கள். போன முறை 14 பிள்ளைகளிடம் படிவம் கொடுத்தனுப்பினோம். ஐந்து படிவங்கள் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தன. ஏன் என்று கேட்க லயத்துக்குப் போனோம். ஒரு அக்கா வாசலிலேயே சொன்னார்: "டீச்சர், இது பிள்ளை தங்காம ஆக்கிற ஊசியாம். ஆம்பளைப் புள்ளைகளை விட்டுட்டு பொம்பளைப் புள்ளைகளுக்கு மட்டும் ஏன் போடுறாங்க? நீங்க சொல்லுங்க."

அந்தக் கேள்வியில் நாங்கள் குற்றம் காணவில்லை. நம் சனங்களுக்குச் சந்தேகம் சும்மா வரவில்லை. நமது பாட்டன் பாட்டிமார் இந்தியாவிலிருந்து வந்தபோது மண்டபம் முகாமில் தடுத்து வைத்து அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. பிற்காலத்தில் காசு கொடுத்துக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைத்த அம்மாமார் நம் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். போன முறை வந்த படிவமும் சிங்களத்தில்தான் இருந்தது. நாங்களும் அதை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். அது எங்கள் பிழை. வாசிக்க முடியாத தாளில் ஒரு தாய் கையெழுத்துப் போட மறுத்தால் அவரை அறியாதவர் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும். கேட்காமலே மறுத்துவிட்டால் நட்டம் நம் பிள்ளைக்குத்தான். நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதை இப்போது சொல்கிறோம்.

இந்த ஊசி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. அந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அது தாம்பத்திய உறவின் மூலம் தொற்றும். பெரும்பாலானோரிடம் தானாகவே மறைந்துவிடும். சிலரிடம் ஆண்டுக்கணக்காகத் தங்கிப் புற்றுநோயாக மாறும். வைரஸ் உடம்புக்கு வருவதற்கு வெகு முன்பே போட்டால்தான் ஊசி நன்றாக வேலை செய்யும். அதனால்தான் 10, 11 வயதில் போடுகிறார்கள். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கே இந்தப் புற்றுநோய் வரும் என்பதால் நம் நாட்டில் பெண் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். இங்கே 2017 முதல் ஆறாம் தரத்தில், ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகளாக, இலவசமாகப் போட்டு வருகிறார்கள். தோட்டப் பிள்ளைகளுக்கென்று தனியாகக் கொண்டு வந்ததல்ல. கொழும்புப் பாடசாலைப் பிள்ளைக்குப் போடுவதும் இதே ஊசிதான்.

இதில் கருத்தடை மருந்து எதுவும் இல்லை. உண்மையில் அந்தப் புற்றுநோய் வந்தால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இங்கிலாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசிக்கான வாய்ப்புப் பெற்ற பெண்களிடம் அந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்ததாக 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஊசியால் ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்ல மாட்டோம். கை வலிக்கும், இலேசாகக் காய்ச்சல் வரலாம். சில பிள்ளைகள் மயங்கி விழுவதுண்டு. ஆகவே காலையில் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். போட்ட பின் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்ப்போம். கடும் ஒவ்வாமை மிக மிக அரிது. முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ பிள்ளைக்கு ஒத்துவராமல் போயிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2008இல் கைக்குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசி வந்த சில மாதங்களிலேயே சில குழந்தைகளின் மரணம் பற்றி முறைப்பாடு வந்தது. அரசாங்கம் உடனே ஊசியை நிறுத்தியது. நிபுணர்கள் ஆராய்ந்து, மரணத்துக்கு ஊசி காரணம் என்று காட்ட ஆதாரம் இல்லை என்ற பிறகே 2010இல் மறுபடி தொடங்கினார்கள். முறைப்பாடு செய்தால் கேட்க ஆளுண்டு. ஆகவே ஊசிக்குப் பின் ஏதாவது நடந்தால் லயத்துக்குள் பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள்.

மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. 2023இல் அது திரும்பி வந்துவிட்டது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று. சுவரோடு சுவராக வாழும் லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். பிள்ளை மடுவத்தில் புகுந்தால் சொல்லவே வேண்டாம்.

அந்த அக்காவின் வீட்டுக்கு வருவோம். மறுமுறை மருத்துவிச்சியையும் கூட்டிக்கொண்டு போனோம். பேசிக்கொண்டிருந்தபோது அவரே தன் அத்தையைப் பற்றிச் சொன்னார். தீட்டு நின்ற பிறகும் இரத்தம் பட்டது. உஷ்ணம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. "அது இந்த நோய்தானா டீச்சர்?" என்று கேட்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றுதான் துண்டில் எழுதியிருந்தது. அந்த அக்கா அன்று கையெழுத்துப் போட்டார். ஐவரில் மூவர் போட்டார்கள். இருவர் போடவில்லை. அவர்களுடைய பிள்ளைகளை வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல நாங்கள் விடவில்லை. முடிவு பெற்றோருடையது. அவர்கள் வீட்டுக்கு மறுபடியும் போவோம்.

இனி சங்கம் செய்யப் போவதைச் சொல்கிறோம். படிவம் தமிழில், ஊசிக்கு ஒரு வாரத்துக்கு முன் வர வேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். மருத்துவிச்சி பெற்றோரைச் சந்திப்பது நிறுவை முடிந்த பிறகு நடக்க வேண்டும். கிளினிக் நாளில் பிள்ளையோடு போகும் தாய்க்குப் பேர் வெட்டக்கூடாது. ஊசி இலவசம், ஆனால் தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போகிறது என்றால் அது எப்படி இலவசமாகும்? இதைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம்.

நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பிள்ளையின் கிளினிக் கார்டைப் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போகும் தாய்மார், கார்டு எங்கே இருக்கிறது, அடுத்த ஊசி எப்போது என்று பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அன்று பாடசாலைக்கு வராத பிள்ளையையும் இடைவிலகிய பிள்ளையையும் மருத்துவிச்சியிடம் கூட்டிப் போங்கள். முதல் ஊசி போட்ட பிள்ளை இரண்டாவதைத் தவறவிடக்கூடாது. 35, 45 வயதுத் தாய்மார் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மகளுக்கு ஊசி என்றால் அம்மாவுக்கு அந்தப் பரிசோதனை. அதுவும் இலவசம்தான்.

மண்டபத்தில் நம் முன்னோரிடம் யாரும் கேட்கவில்லை. இன்று நம்மிடம் கேட்கிறார்கள். அந்தக் கையெழுத்து நம் உரிமை. கேட்டு, விளங்கி, பிள்ளைக்காகப் போடுவோம்.