பெருமழை நாளிற் பிரயாணம்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுப்புறக் கிராமவாசிகளுக்கும், அங்குள்ள தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் வந்து மீளும் தொழிலாளிகளுக்கும் 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி செவ்வாய்க்கிழமை எளிதில் மறக்கக் கூடிய நாளன்று. மோட்டார் வண்டிகளைச் செய்து தேசமெங்கும் அனுப்பும் பிரதேசத்திலேயே வண்டி செல்ல வழியின்றிப் போன நாள் அது. ஹுண்டாய், ரெனால்ட்-நிஸான், ராயல் என்பீல்டு முதலிய கம்பெனிகள் அந்த வாரத்தில் வேலையை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

அன்று பெய்த மழையை மாத்திரம் குறை கூறுதல் நியாயமாகாது. சென்னையில் அதற்கு முந்திய நவம்பர் மாதத்தில் மட்டும் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது; 1918-ஆம் வருஷத்து நவம்பருக்குப் பின் அம்மாதத்தில் அவ்வளவு பெய்ததில்லை. ஏரிகள் நிறைந்து, பூமியும் குடித்துத் தெவிட்டியிருந்த சமயத்தில், டிசம்பர் 1-ந் தேதி காலை முதல் மறுநாட் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிற்று. அதாவது ஒன்றரை அடிக்கு மேல். செம்பரம்பாக்கத்திலும் ஏறக்குறைய அவ்வளவே.

இனி, அன்று மாலை வேலை விட்டு ஒரகடத்திலிருந்து தாம்பரத்துக்குப் புறப்பட்ட ஒருவனுடைய நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். அவன் செல்லும் சாலை படப்பை, மண்ணிவாக்கம் வழியாக வண்டலூரை அடைகிறது. அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அவன் எத்திசையை நோக்கிச் செல்கிறானோ அத்திசையை நோக்கியே ஜலமும் செல்கிறது. ஒரகடம், படப்பை, மணிமங்கலப் பக்கத்து ஏரிகளின் மிகுதி நீர் ஓடைகளின் வழியே அடையாற்றில் விழுகிறது. ஆதனூர்ப் பக்கத்துத் தண்ணீரும் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அதே ஆற்றில் வருகிறது. வடக்கே ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் வழிந்தால் அந்நீர் செம்பரம்பாக்கத்தைச் சேரும். செம்பரம்பாக்கத்தின் உபரி நீரோ திருநீர்மலைக்கருகில் மறுபடியும் அடையாற்றோடு கலக்கிறது. ஆகவே அவன் எந்த இடத்தைக் கடந்து வீடு சேர வேண்டுமோ, அந்த இடத்திலேயே இவ்வளவு ஏரிகளின் வெள்ளமும் அவனுக்கு முன்னே போய் நின்றது. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்து விடப்பட்ட நீர் படிப்படியாக உயர்ந்து, அன்று மாலை வினாடிக்கு 29,000 கன அடியாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளே மூழ்கின. இரவில் மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் ஜலம் புகுந்தது. அது பிரயாணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 6-ந் தேதியன்றுதான்.

அத்தகைய மாலையில் புறப்படாதிருத்தலே உத்தமம். தொழிற்சாலையிலோ, பள்ளிக்கூடத்திலோ, கோவில் மண்டபத்திலோ இரவைக் கழிப்பதில் அவமானம் யாதுமில்லை. ஆயினும் வீட்டில் குழந்தைகளை விட்டு வந்தவன் நிற்பானா? நிற்க மாட்டான். அவனுக்காகவே சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டி கனமானதாயிற்றே, தண்ணீர் அதை என்ன செய்யும் என்று பலர் எண்ணுகிறார்கள். வெறுங்குடம் கிணற்றில் மிதப்பதை யாவரும் கண்டிருக்கிறோம். நான்கு புறமும் மூடிய கார் அக்குடத்துக்கு ஒப்பானதே. ஓடுகின்ற நீர் அரை அடி ஆழமிருந்தால் திடமான மனிதனுடைய காலையும் தடுமாறச் செய்யும். ஓரடி இருந்தால் சிறிய காரை நகர்த்தும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக் கொண்டு போகும். முழங்காலளவுதானே என்று வண்டியை இறக்கியவனுக்கு, தார்ச்சாலை அந்த நீருக்கடியில் இன்னும் இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பது தெரிய வழியில்லை. கலங்கல் நீர் சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களிலும், சிறு பாலங்களிலும் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். கீழே குழாய்வாயில் இழுப்புப் பலமாக இருக்கும். வண்டி நின்றுவிட்டால் மறுபடி இயந்திரத்தை முடுக்கிப் பார்ப்பது வீண். அதனுள் ஜலம் புகுந்திருக்கும். முடுக்க முடுக்கச் சேதமே அதிகமாகும். கதவு திறக்கக் கூடிய நிலையிலேயே இறங்கி, வந்த வழியே திரும்பி மேட்டை அடைய வேண்டும்.

பட்டணத்திலிருந்தும் வெளி ராஜ்யங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களுக்கு எது மேடு, எது பள்ளம் என்று தெரியாது. கிராமத்தார் அறிவார்கள். எந்த ஏரி முதலில் நிறையும், எந்தக் கலங்கல் எந்தச் சாலையில் விழும் என்பதெல்லாம் மதகு திறப்பவனுக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் பாடம். இந்த ஜில்லாவை ஏரி ஜில்லா என்றே அழைப்பது வழக்கம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 வருஷங்களுக்கு முன், ஏரியைக் கவனிப்பதற்கென்றே குடவோலை முறையில் ஏரி வாரியம் தெரிந்தெடுக்கப்பட்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. அந்த அறிவு வயலோடு நின்றுவிட்டது. அதன் பக்கத்தில் புதிய சாலை போட்ட பொழுது, ஜலம் வழக்கமாகச் செல்லும் பாதையை ஊராரிடம் கேட்டுத் தெரிந்து கொண்ட இடங்கள் சிலவே. கேளாத இடங்களைத்தான் ஒவ்வொரு ஐப்பசியும் கார்த்திகையும் வந்து காட்டிக் கொடுக்கின்றன.

ஒவ்வோர் ஊரிலும் ஐப்பசி பிறக்கு முன்னரே செய்து வைக்கத் தக்க காரியம் ஒன்றுண்டு, செலவும் சொற்பம். 2015-இல் சாலையை மூடிய வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்பதைக் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு, நீர் குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் சாலையின் இரு ஓரங்களிலும் கல் நட்டு, அரை அடி, ஓரடி, இரண்டடி என்று வெள்ளைச் சாயத்தால் பெரிதாக எழுதி, அவ்வருஷத்து மட்டத்தைச் சிவப்பிற் குறிக்கலாம். இருட்டிலும் வண்டி விளக்கில் தெரியுமாறு எழுத்துக்கள் ஒரு சாணுக்குக் குறையாமலிருக்க வேண்டும். மழைக்கு முந்திய வாரத்திலேயே அந்தப் பாலங்களின் குழாய்வாய்களில் அடைந்த முட்செடிகளையும் பிளாஸ்டிக் குப்பைகளையும் வெட்டி வெளியேற்றி விட்டு, கல்லின் மேற் சாயத்தைப் புதுப்பிக்க வேண்டும்.