துண்டும் கைத்தொலைபேசியும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் 'துண்டு' என்னும் சீட்டு வழங்கிற்று. தொழிலாளி வேறு தோட்டம் செல்ல விரும்பினால், அவர் பட்ட கடனைக் குறித்துத் துரை அதனைத் தருவார். கடனை அடைக்கும் தோட்டமே அவரைச் சேர்த்துக்கொள்ளும். துண்டின்றிப் பெயர்தல் அரிது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது.

இன்று கந்தப்பளை லயன் அறைகளிலும் கைத்தொலைபேசி புகுந்துவிட்டது. கொழும்பில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய் அதில் காண்கிறாள். நன்மையே. ஆயினும், அவர்கள் கூடிப் பேசும் முற்றம் யாருடையது? பெரும்பாலும் ஒரு தனி நிறுவனத்தினுடையது. அதனை விட்டு நீங்குவோர், நண்பர் கூட்டத்தையும் அங்கேயே விட்டு நீங்க நேர்கிறது.

2016இல் தோன்றிய மாஸ்டடன் வேறொரு வழியைக் காட்டுகிறது. அது பலர் தனித்தனியே நடத்தும் சேவையகங்களின் கூட்டு. கந்தப்பளைத் தபாற் கந்தோரில் இட்ட கடிதம் சென்னையில் சேர்வதுபோல, ஒரு சேவையகத்தில் எழுதியது மற்றொன்றைச் சென்றடையும். இடம் பிடிக்காவிடின், பின்தொடர்வோரையும் அழைத்துக்கொண்டு வேறிடம் பெயரலாம். பழைய பதிவுகள் மட்டும் உடன் வாரா. சேவையகத்தை நடத்தும் செலவையும் யாரேனும் ஏற்றல் வேண்டும்.

ஆகவே, புதிய கருவி ஒன்று வீட்டுக்குள் வரும்போது, 'இதனால் என்ன கிடைக்கும்?' என்பதோடு, 'இதிலிருந்து வெளியேற வழி உண்டா?' என்றும் வினவுதல் நன்று. வெளியேறும் உரிமையின் அருமையைத் தோட்ட மக்களின் வரலாறு நன்கறியும்.